கோணல் ஹாலும் புசுபுசு கார்ப்பெட்டும்

பொதுப்பணித் துறையில் 34 வருடம் வரைபடம் போட்டவன் நான். சேரும்போது ட்ரேசர், ஓய்வு பெறும்போது முதுநிலை வரைதொழில் அலுவலர். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி வார்டு, தாலுகா ஆபீஸ் என்று எத்தனையோ கட்டடங்களுக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே எத்தனை அடி விட வேண்டும் என்று கோடு போட்ட கை இது. அதே கைதான் சொந்த வீட்டு ஹாலைப் பதினோரு வருடம் தப்பாக அடுக்கி வைத்திருந்தது. அதை ஒப்புக்கொள்ள என் மனைவியின் மணிக்கட்டு உடைய வேண்டியிருந்தது.

எங்கள் பிளாட் கவுண்டம்பாளையம் பக்கம். ஓய்வுப் பணத்தில் வாங்கியது. மனை தெரு வளைவில் இருப்பதால் வடக்குச் சுவரைத் தெருவின் போக்குக்கே சாய்த்துக் கட்டிவிட்டார் கட்டியவர். வாசற்கதவைத் திறந்து உள்ளே வந்தால் ஹால் கிழக்கு மேற்காக 19 அடி நீளம். அகலம் வாசல் பக்கம் 11 அடி, பால்கனிப் பக்கம் போகப் போகக் குறுகி எட்டரை அடி. தெற்குப் பக்கம் பாதி தூரம் சுவரே கிடையாது, சாப்பாட்டு மேஜை போடும் இடம் அங்கே திறந்துகொள்கிறது. மொத்தத்தில் ஆங்கில 'எல்' எழுத்து. அந்த எழுத்து மடங்கும் மூலையில் ஒரு தூண் ஒன்பது அங்குலம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் சேர்த்தால் ஆறு கதவு. கதவோ ஜன்னலோ இல்லாத நேரான சுவர் என்று பார்த்தால் தெற்கில் ஒரு 11 அடி, அவ்வளவுதான்.

குடிவந்த அன்றே, அந்த ஒரே நல்ல சுவரை டிவிக்குக் கொடுத்தேன். நம் வீடுகளில் எல்லாம் அப்படித்தானே? பூஜை அறைக்கு அடுத்தபடி டிவிக்குத்தான் இடம் பார்ப்போம். டிவி தெற்குச் சுவருக்குப் போனதால் ஏழு அடி சோபா எதிரே சாய்ந்த சுவரை ஒட்டிப் போயிற்று. சோபா சாய்ந்ததால் டீப்பாயும் சாய்ந்தது. தரையில் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ். டைல்ஸ் கோடு ஒரு பக்கம் போக, சாமான் எல்லாம் இன்னொரு பக்கம் போக, ஏதோ ரயில் வளைவில் திரும்புகிற மாதிரி இருக்கும். வந்தவர்கள் "என்னமோ ஒரு மாதிரி இருக்குதுங்க, என்னன்னு சொல்லத் தெரியல" என்பார்கள். சுவர் கோணல், நாம் என்ன செய்ய முடியும் என்பேன்.

சமையலறையிலிருந்து பால்கனிக்குப் போக வேண்டுமானால் டீப்பாய்க்கும் டிவி ஸ்டாண்டுக்கும் நடுவே புகுந்துதான் போக வேண்டும். இரண்டரை அடி வழி. துணி காயப்போட, துளசிக்குத் தண்ணீர் ஊற்ற, காய்கறி வண்டிக்காரரைக் கூப்பிட, எல்லாம் அந்த வழிதான். என் மனைவியின் முழங்காலுக்குக் கீழே எப்போதும் ஒரு கன்றிப்போன தழும்பு இருக்கும்.

"ஏனுங்க, இந்த டீப்பாயைக் கொஞ்சம் நகத்தக் கூடாதுங்களா?"

"பாத்து நடக்கோணும் புள்ள."

இந்த இரண்டு வரிப் பேச்சு எங்கள் வீட்டில் பதினோரு வருடம் நடந்தது. இதைப் படிக்கிற ஆண்களில் பாதிப்பேராவது இந்த இரண்டாம் வரியைச் சொல்லியிருப்பீர்கள். சொல்லாதவர்கள் கை தூக்கலாம்.

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்குப் பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு கார்ப்பெட் வாங்கி வந்தாள். ஐந்துக்கு ஏழு. சாம்பல் நிறம், ஒன்றரை அங்குலத்துக்கு முடி வளர்ந்த மாதிரி புசுபுசு என்று இருக்கும். பேரன் அதில் உருண்டு புரண்டான். நானும் காலை வைத்துப் பார்த்தேன், சுகமாகத்தான் இருந்தது. சோபா எப்படிச் சாய்ந்திருந்ததோ அதே சாய்வில் அதையும் விரித்தோம். விரித்ததில் அதன் ஒரு முனை நடக்கிற வழிக்குள் முக்கால் அடி நீட்டிக்கொண்டு நின்றது. ஆறு மாதத்தில் அந்த முனை லேசாகச் சுருண்டது. சாம்பல் கார்ப்பெட், சாம்பல் டைல்ஸ். சாயங்கால வெளிச்சத்தில் எது தரை, எது கார்ப்பெட் என்று எனக்கே தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் மழை தூற ஆரம்பித்தது. காயப்போட்ட துணியை எடுக்க வேகமாகப் போனவளின் கட்டைவிரல் அந்த முனையில் மாட்டியது. இடது கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிவு. மாவுக்கட்டு ஆறு வாரம். "கையோட போச்சுன்னு சந்தோஷப்படுங்க. இடுப்பு உடைஞ்சிருந்தா கதையே வேற" என்றார் டாக்டர். அவர் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. விபத்தால் சாகிறவர்களில், சாலை விபத்துக்கு அடுத்தபடி அதிகம் பேர் கீழே விழுந்துதான் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அதிலும் அறுபது தாண்டியவர்கள்தான் அதிகம். பஸ்ஸில் ஏறினால் கம்பியைக் கெட்டியாகப் பிடிக்கிறோம். சொந்த ஹாலில் கை வீசி நடக்கிறோம்.

மகள் போனில் கேட்டபோது, "பாத்ரூம்ல வழுக்கிருச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டாள் என் மனைவி. அது ஏன் என்று நான் கேட்கவில்லை. ஆசையாக வாங்கிக் கொடுத்த பிள்ளையிடம் உன் கார்ப்பெட்தான் தடுக்கியது என்று எந்தத் தாய் சொல்வாள்? ஒரே வாரத்தில் பெங்களூரிலிருந்து கூரியர் வந்தது. பாத்ரூம் சுவரில் பொருத்தும் கைப்பிடிக் கம்பி இரண்டு, ரப்பர் விரிப்பு ஒன்று. ஆளைக் கூப்பிட்டுப் பொருத்தினேன். பொருத்தும்போது மனசுக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. (அந்தக் கம்பி இன்றைக்கு எனக்கே உதவுகிறது. அதையும் சொல்ல வேண்டும்.)

அந்த ஆறு வாரம் சமையலறை என் கைக்கு வந்தது. முதல் நாளே டீப்பாயில் இரண்டு தடவை இடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள், பழைய பழக்கம் விடாமல், ஒரு கிராப் தாளில் ஹாலை வரைந்து, நான் எங்கிருந்து எங்கே போகிறேனோ அதையெல்லாம் பென்சிலால் கோடு இழுத்தேன். காலை ஆறிலிருந்து பத்துக்குள் அந்த இரண்டரை அடிச் சந்தில் 31 கோடு விழுந்தது. அத்தனை பேர் போகிற வழியில் ஆபீஸில் யாராவது பெஞ்சைக் காட்டி வரைந்திருந்தால் நானே சிவப்பு மையால் அடித்திருப்பேன். என் வீட்டில் அடிக்கவில்லை. அந்த வழியில் நடந்தது நான் இல்லையே.

அதனால் இப்போது என் கட்சி இதுதான். ஹாலில் முதலில் தீர்மானிக்க வேண்டியது நடக்கிற வழி. அடுத்தது உட்காருகிற இடம். டிவி அதற்குப் பிறகு. கார்ப்பெட் எல்லாவற்றுக்கும் கடைசி. நாம் செய்வது தலைகீழ். கடையில் கார்ப்பெட் அழகாக இருந்தது என்று வாங்கி வந்து, அதற்கு ஏற்ப மனுசன் காலைத் தூக்கி வைத்து நடக்கிறான்.

தாளில் வரைந்து, சாமான்களை அதே அளவுக்கு அட்டையில் வெட்டி நகர்த்திப் பார்த்தேன். டைல்ஸ் தரை இருக்கிறவர்களுக்கு டேப் கூட வேண்டாம், கட்டத்தை எண்ணினாலே போதும். சாய்ந்த சுவரை ஒட்டி எதைப் போட்டாலும் ஹால் முழுக்கச் சாய்கிறது. நேரான தெற்குச் சுவரை ஒட்டிச் சோபாவைப் போட்டால் டைல்ஸ் கோடும் சோபாவும் ஒன்றாக ஓடுகின்றன. கோணல் எங்கே போகிறது? எதிர்ப்பக்க நடைபாதைக்குப் போய்விடுகிறது. நடைபாதை ஒரு முனையில் 3 அடி, மறு முனையில் அதைவிட அதிகம். நடக்கிற வழி ஒரு பக்கம் அகலமாகவும் ஒரு பக்கம் குறுகலாகவும் இருந்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. சோபா சாய்ந்திருந்தால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். கோணல் அறை வைத்திருப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள், கோணலை நடைபாதைக்குக் கொடுத்துவிடுங்கள். குறுகிய இடத்திலும் 3 அடி இருக்கட்டும். இன்றைக்கு நாம் கை வீசி நடக்கிறோம், நாளைக்கு வாக்கர் வரலாம், சக்கர நாற்காலி வரலாம்.

டிவியை எதிரே சாய்ந்த சுவரில், ஜன்னல் வெளிச்சம் படாத மேற்குப் பாதியில், திருப்பி வைக்கிற மாதிரி கம்பிக் கையில் மாட்டியாயிற்று. இப்போது பால்கனிக்குப் போகிறவர்கள் டிவிக்கு முன்னால்தான் போக வேண்டும். "மறைக்குதுங்க" என்றார் மச்சான் வந்திருந்தபோது. ஒரு நொடி மறைக்கும், மறைக்கட்டும். மறைத்த நேரத்தில் சீரியலில் என்ன ஆகிவிடப் போகிறது? மாமியார் அதே இடத்தில்தான் முறைத்துக்கொண்டு நிற்பார். அவரே வாஸ்துப்படி கனமான சாமான் தென்மேற்கில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். சோபா இப்போது அங்கேதான் வந்திருக்கிறது, அதில் அவருக்குப் பரம திருப்தி. எனக்கு வாஸ்துவில் நம்பிக்கையும் இல்லை, சண்டையும் இல்லை.

அந்தத் துருத்திய தூண்தான் எனக்கு ஆச்சரியம். 'எல்' வடிவ அறையில் மடங்கும் மூலை எதற்கும் ஆகாது என்று நினைத்து அங்கே ஒரு பூஜாடியை நிறுத்தியிருந்தோம். உண்மையில் இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிற ஒரே இடம் அதுதான். பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்து பரணில் கிடந்த தேக்கு நாற்காலி ஒன்றைத் தூணுக்கு முதுகு கொடுத்துப் போட்டேன். தரையிலிருந்து பலகை 18 அங்குல உயரம், இரண்டு பக்கமும் கை. அதில் உட்கார்ந்தால் அடுப்பில் பால் பொங்குவதும் தெரியும், வாசலில் ஆள் வருவதும் தெரியும், சோபாவில் இருப்பவரோடு பேசவும் முடியும். கட்டுப்போட்ட கையோடு என் மனைவி அன்றைக்கு அதில் உட்கார்ந்தவள்தான், இன்னும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. சோபா செட்டோடு வந்த ஒற்றைச் சோபா இரண்டையும் விற்றுவிட்டோம். உட்கார்ந்தால் பள்ளத்துக்குள் இறங்குகிற மாதிரி, எழுந்திருக்க ஆள் வேண்டும். இப்போது கடைகளில் சோபாவை ஏன் இவ்வளவு தாழ்வாகச் செய்கிறார்களோ, மூட்டு வலி இல்லாதவர்கள்தான் சோபா வாங்குவார்கள் போலிருக்கிறது.

இனி விரிப்பு விஷயம். வயதானவர்கள் வீட்டில் விரிப்பே கூடாது என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். மார்கழியில் நம் ஊர் டைல்ஸில் காலை வைத்தால் ஐஸில் வைத்த மாதிரி இருக்கும். வெறும் டைல்ஸ் ஹாலில் பேசினால் கல்யாண மண்டபத்தில் பேசுகிற மாதிரி எதிரொலிக்கும். காது மந்தமானவர்களுக்கு அந்த எதிரொலி பெரிய உபத்திரவம். ஆகவே விரிப்பு வேண்டும். ஆனால் அது ஓடக் கூடாது, சுருளக் கூடாது, கண்ணுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

சோபாவின் முன்கால்கள் விரிப்பின் மேல் நிற்க வேண்டும். அப்போதுதான் அது நகராது. சோபாவுக்கு எதிரே நடு ஹாலில் தனியாகக் கிடக்கிற சின்ன விரிப்புதான் ஆளைக் கவிழ்க்கும். நீளம் சோபாவைவிட ஒரு அடியாவது கூட இருந்தால் பார்க்கவும் லட்சணம். வாங்குவதற்கு முன் பழைய நியூஸ் பேப்பரை அந்த அளவுக்குத் தரையில் ஒட்டி, இரண்டு நாள் வீட்டில் எல்லாரும் நடந்து பாருங்கள். எந்தப் பேப்பர் கிழிகிறதோ அந்த முனை வழியில் இருக்கிறது என்று அர்த்தம். கனம் அரை அங்குலத்துக்குள் போதும். ஓரத்தில் குஞ்சம் வேண்டாம். அடியில் ரப்பர் வலை போட வேண்டும், அது பெரிய செலவு இல்லை. தரை வெளுப்பாக இருந்தால் விரிப்பு அழுத்தமான நிறமாக, ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணாடி போடாமலே தெரிகிற மாதிரி இருக்கட்டும். நடுவில் கறுப்பாகப் பெரிய வட்டம் போட்டதை வாங்காதீர்கள். கண்புரை உள்ளவருக்கு அது குழி மாதிரித் தெரிந்து காலைத் தூக்கி எட்டி வைப்பார்.

துவைக்க முடியாத விரிப்பை நம் ஊரில் வாங்குவதே தப்பு என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டுப் படங்களில் பார்க்கிற கார்ப்பெட்டுக்குக் கீழே நம் ஊர்ப் புழுதி கிடையாது. புசுபுசு கார்ப்பெட்டை ஒரு தடவை மாடியில் உதறினேன், பக்கத்து பிளாட்காரர் மூன்று நாள் பேசவில்லை.

என் மனைவிக்குப் பிறந்த ஊர் பவானி. காவிரியும் பவானியும் சேருகிற கூடுதுறைக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு. கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டில் கொடுத்த ஜமுக்காளம் ஒன்று 40 வருடமாகப் பரணில் கிடந்தது. குழித்தறியில் நெய்தது, சிவப்பும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாக ஓடும். முதல் இரண்டு துவைப்பில் சாயம் விட்டதோடு சரி, இன்றைக்கும் நூல் பிரியவில்லை. பவானி ஜமுக்காளத்துக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். 1985-ல் கொண்டுவந்த கைத்தறி ரகங்கள் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டியவை என்று ஒதுக்கிய பட்டியலிலும் ஜமுக்காளம் இருக்கிறது. சட்டம் இருந்தும் விசைத்தறிச் சரக்கு விலை மலிவாகச் சந்தையில் கிடக்கிறது, நெய்கிறவர் பிள்ளைகள் தறிக்குழியில் இறங்குவதில்லை. அது தனியாக எழுத வேண்டிய சங்கதி.

நேராகச் சொன்னால் ஜமுக்காளமும் டைல்ஸ் மேல் ஓடத்தான் செய்யும். அதை விரித்தே போட்டுவைத்தால் அதுவும் ஆளைக் கவிழ்க்கும். ஆனால் அதை நாம் எப்போதும் விரித்தே வைத்திருந்தோமா? நாலு பேர் வந்தால் விரிப்போம், பந்தி முடிந்தால் உதறி மடித்து வைப்போம். உட்காருகிற நேரத்துக்கு மட்டும் விரிப்பு, நடக்கிற நேரத்துக்கு வெறும் தரை. நம் பாட்டிமார் காலத்து ஹாலில் சாமானே இல்லாமல் இருந்தது ஏழ்மையால்தான் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் ஏழ்மை, கொஞ்சம் புத்தி. இப்போது சோபாவுக்கு அடியில் கனமில்லாத பருத்தி விரிப்பு ஒன்று நிரந்தரமாக இருக்கிறது. பேரன் வந்தால், விருந்தாளி தங்கினால் ஜமுக்காளம் இறங்கும்.

பள்ளிக்கூட லீவுக்கு மகளும் பேரனும் வந்தார்கள். பையன் செருப்பைக் கழற்றியதும் கேட்ட முதல் கேள்வி, "அப்புச்சி, புசுபுசு எங்க?"

எனக்குப் பொய் சொல்ல வராது. டிரை கிளீனிங் என்று ஆரம்பித்தேன், மகள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. அவள் அம்மாவின் கையைப் பார்த்தாள், சோபா மாறியிருப்பதைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். கணக்குப் போட அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. கார்ப்பெட்டுக்காக அழுவாள் என்று இவள் பயந்திருந்தாள். அவள் அதற்காக அழவில்லை. "ஒரு மாசமா உங்க பாத்ரூமையே நினைச்சுட்டுத் தூங்காம கிடந்தேம்மா. இங்க ஹால்ல விழுந்துட்டு அங்க கம்பி மாட்டி வெச்சிருக்கீங்க. நிஜத்தைச் சொன்னாத்தானே நான் எதையாச்சும் செய்ய முடியும்?" என்றாள். அதற்கு எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை. டீப்பாய் இடிக்கிறது என்று சொன்னதை நான் கேட்கவில்லை, கார்ப்பெட் தடுக்கியது என்பதை இவள் சொல்லவில்லை.

புசுபுசுவைப் பரணிலிருந்து இறக்கி, பேரன் இருக்கும்வரை படுக்கையறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே, யாரும் நடக்காத இடத்தில் விரித்தோம். போகும்போது மகளே சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். பதிலுக்கு ஜமுக்காளத்தைக் கேட்டாள், இவள் தரவில்லை. பவானிக்கு இரண்டு பேருமாய்ப் போய் அவளுக்குப் புதிதாக ஒன்று எடுத்து வந்தார்கள்.

ஊருக்குக் கிளம்பிய அன்று காலை என் டேப்பை எடுத்து ஹாலை ஒரு முனையிலிருந்து அளந்துகொண்டிருந்தாள்.

"அப்பா, பால்கனிப் பக்கம் எட்டரை அடிதான் இருக்குது, தெரியுமா?"

தெரியும் கண்ணு என்றேன்.